அரசரும் உழவரும் மறக்காத ஆசான்

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் தென்காசி பக்கம், சுந்தரபாண்டியபுரத்தை ஒட்டியது. எங்கள் பகுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த போதகர் ஒருவர் போன வருஷம் காலமாகிவிட்டார். கோயிலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு என்று அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். விதைப்பு நேரத்தில் கையில் காசு இல்லாதவர்களுக்கு சொசைட்டியில் ஜாமீன் போட்டார். அவரால் முன்னுக்கு வந்தவர்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். பாதிப் பேர் சிலை வைக்க வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் அந்தப் பணம் பிள்ளைகள் படிப்புக்குப் போகட்டும் என்கிறார்கள். பேச்சு முற்றி ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. உழவு சம்பந்தம் இல்லாத கேள்விதான். ஆனாலும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: விதைப்புக்கு ஜாமீன் போட்டவரைப் பற்றிய கேள்வி உழவுக் கேள்விதான். அது மட்டுமில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்பு தஞ்சாவூரில் ஒரு ராஜாவுக்கும் இதே கேள்வி வந்தது. தம்மை வளர்த்து ஆளாக்கிய போதகருக்கு எப்படி நினைவு வைப்பது என்று யோசித்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அந்தப் போதகர் ஜெர்மன் தேசத்திலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். ஊர் மக்கள் வாயில் அவர் சுவார்ட்ஸ் ஐயர். பாதிரியாரை ஐயர் என்று அழைப்பது அன்றைய வழக்கம்; நெல்லைச் சீமையில் அந்த வழக்கம் இன்றும் உண்டு.

அவர் கதையில் ராஜாவும் இருக்கிறார், பாளையங்கோட்டைப் பையன் ஒருவனும் இருக்கிறான், ஊரை விட்டு ஓடிப்போன ஆயிரக்கணக்கான உழவர்களும் இருக்கிறார்கள். மூன்று பேர் கதையையும் தெரிந்துகொண்டால் உங்கள் 3 லட்சத்தை என்ன செய்வது என்பது தானே தெளிவாகும்.

தமிழ் படித்துவிட்டுக் கப்பல் ஏறியவர்

சுவார்ட்ஸ் பிறந்தது 1726-ல். பிறந்த ஊர் சோனன்பர்க். அன்று பிரஷ்யாவில் இருந்தது, இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. ஹாலே நகரத்தில் படிக்கும்போதே தமிழ் கற்றார். அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சி நடந்தது. அந்த வேலைக்கு உதவ அவரைத் தமிழ் படிக்கச் சொன்னார்கள். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் தங்கி வேலை செய்தார். 1778-ல் தஞ்சாவூருக்குக் குடியேறினார். 1798 பிப்ரவரி 13-ல் அங்கேயே இறந்தார். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

திருச்சியில் ஒரே ஒரு அறையில் குடியிருந்தார். சோறும் காய்கறியும்தான் சாப்பாடு. தமிழோடு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம், ஆங்கிலம் எல்லாம் பேசுவார். தஞ்சை அரண்மனையில் ராஜாவிடம் அவர் மொழியிலேயே பேச முடிந்ததற்கு அதுதான் காரணம்.

அவர் கம்பெனிப் படைக்கும் போதகராக இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் கம்பெனிதான் தஞ்சை நாட்டை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து அரசியலில் அவருடைய பங்கைப் பற்றிப் படித்தவர்களிடம் பல கருத்து உண்டு. ஆனால் அவருடைய நாணயத்தைப் பற்றி எதிரி முகாமில்கூட இரண்டு பேச்சு இருந்ததில்லை. 1779-ல் சென்னை கவர்னர் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஐதர் அலியிடம் பேச அனுப்பினார். கம்பெனி அதிகாரிகளை நம்பாத ஐதர், இவர் ஏமாற்ற மாட்டார் என்று இவரை வரச் சொன்னதாகத்தான் வரலாறு. திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதை அப்படியே சென்னை அரசிடம் ஒப்படைக்கப் போனார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு ஏழைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

தம் கையால் பணம் கொடுத்தவர்

அந்தப் பத்து வருஷத்தில் தஞ்சைச் சீமை பட்ட பாடு கொஞ்சமில்லை. 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை வந்து தஞ்சையைப் பிடித்தது. 1776-ல் துளஜா மன்னருக்கு நாடு திரும்பக் கிடைத்தது. மூச்சு விடுவதற்குள் 1781-ல் ஐதர் அலியின் படை உள்ளே புகுந்தது. கோட்டையைத் தவிர மற்ற இடமெல்லாம் சூறை போனது. உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாடு போனால் உழவு போச்சு. உழவு போனதும் பஞ்சம் வந்தது.

பஞ்சம் வரும் என்பதை சுவார்ட்ஸ் முன்கூட்டியே ஊகித்திருந்தார். விலை மலிவாக இருந்தபோதே தானியம் வாங்கிச் சேர்த்து வைத்தார். பஞ்சம் வந்ததும் அதை வைத்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அறுவடை நேரத்தில் விதைநெல் எடுத்து வைக்கிற ஒவ்வொரு உழவனுக்கும் தெரிந்த புத்திதான். அதை ஊருக்காகச் செய்ததுதான் விசேஷம்.

அந்த நேரத்தில் கோட்டைக்குள்ளே இன்னொரு நெருக்கடி. சிப்பாய்கள் பசியால் காவல் இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் கொடுக்க மறுத்தார்கள். காரணம் எளிது. முன்பு சர்க்கார் ஆட்கள் வந்து மாட்டையும் நெல்லையும் எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமல் போயிருந்தார்கள். ராஜா உத்தரவு போட்டார். கம்பெனி உத்தரவு போட்டது. ஒரு மாடும் வரவில்லை.

கடைசியில் சுவார்ட்ஸைக் கூப்பிட்டார்கள். பணத்தைத் தம் கையாலேயே கொடுப்பதாக அவர் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து நின்றன. சில நாட்களில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி ஒவ்வொருவருக்கும் அவரே பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினார்.

இன்றைக்குக் கொள்முதல் நிலையத்திலும் வியாபாரியிடமும் பணத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கதையின் அர்த்தம் நன்றாகப் புரியும். அன்று நெல்லுக்குப் பஞ்சமில்லை. பணம் வரும் என்ற நம்பிக்கைக்குத்தான் பஞ்சம்.

ஆனியில் போக வேண்டிய ஏர் ஆவணியில் போனது

போர் ஓய்ந்த பிறகும் உழவர்கள் பாடு தீரவில்லை. துளஜா மன்னர் உடல் நலமும் மன நலமும் குன்றி அரண்மனைக்குள் ஒடுங்கிவிட்டார். நிர்வாகம் கையில் இருந்தவர்கள் வரி வசூலில் கசக்கிப் பிழிந்தார்கள். விளைந்ததில் உழவனுக்கு மிஞ்சுவது போதவில்லை. விதைத்தாலும் நமக்கு இல்லை என்று தெரிந்தால் யார் விதைப்பார்கள்? மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விட்டார்கள். அப்படிப் போனவர்கள் 65,000 பேருக்கு மேல் என்பது அன்றைய கணக்கு. காவிரி ஓடுகிறது, வயல் கிடக்கிறது, ஏர் பிடிக்க ஆள் இல்லை.

திரும்பி வாருங்கள் என்று அரசாங்கம் அழைத்தது. யாரும் நம்பவில்லை. மறுபடி சுவார்ட்ஸின் உதவியைத்தான் நாடினார்கள். இனி நியாயமாக நடத்துவோம் என்று ராஜாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, அந்த வாக்குக்குத் தாமே பொறுப்பு என்று அவர் மக்களிடம் சொன்னார். ஜனங்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரே நாளில் மட்டும் 7,000 பேர் ஊர் திரும்பியதாக அவருடைய கடிதம் சொல்கிறது.

அடுத்து நடந்ததுதான் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது. அவர்கள் வந்து சேர்ந்தது செப்டம்பர் தொடக்கத்தில். ஜூனில் தொடங்க வேண்டிய உழவு. ஆனியில் போக வேண்டிய ஏர் ஆவணியிலும் போகவில்லை. இனி எப்படிச் செய்வீர்கள் என்று அவரே தயங்கிக் கேட்டார். நீங்கள் எங்களுக்குச் செய்த நன்மைக்கு உங்களை வருந்த விட மாட்டோம், ராப்பகலாக உழைக்கிறோம் என்பது அவர்கள் சொன்ன பதிலின் சாரம். அந்த வருஷ விளைச்சல் முந்தின வருஷத்தைவிடக் கூடுதல் என்று சுவார்ட்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பருவம் மூன்று மாதம் தப்புவது என்றால் என்ன என்று நெல் போடுகிறவர்களுக்குத் தெரியும். பழைய சம்பா ரகங்கள் பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறவை. எப்போது நட்டாலும் பகல் குறைகிற காலத்தில் கதிர் வந்துவிடும். தாமதமாக நட்டால் தூர் கட்டும் நாட்கள் குறையும், விளைச்சல் அடிபடும். இளம் நாற்று வேர் பிடிக்கும்போதே ஐப்பசி அடைமழை வந்து முக்கும். இத்தனையும் தெரிந்துதான் அந்த உழவர்கள் இறங்கினார்கள். அத்தனை நாளாக அவர்களிடம் இல்லாமல் போனது உழைப்பு இல்லை. உழைத்தால் பலன் கைக்கு வரும் என்று சொல்ல நம்பகமான ஒரு ஆள்தான் இல்லாமல் இருந்தார். ஆள் கிடைத்ததும் மூன்று மாதத் தாமதத்தையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அடைபட்ட பிள்ளைக்கு வாத்தியார்

துளஜாவுக்குப் பிள்ளை இல்லை. 1787-ல், சாவதற்குச் சற்று முன்பு, உறவில் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். அந்தப் பிள்ளைதான் 1777-ல் பிறந்த சரபோஜி. வயது பத்துகூட நிறையவில்லை. மன்னர் சுவார்ட்ஸை அழைத்து, இவன் இனி உங்கள் பிள்ளை என்று ஒப்படைக்கப் பார்த்தார். அரண்மனைப் போட்டிக்கு நடுவில் வெளியாள் ஒருவர் சின்னப் பிள்ளைக்குப் பாதுகாவலராக இருப்பது ஆபத்து என்று சுவார்ட்ஸ் நினைத்தார். மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுக்கும்படி யோசனை சொன்னார்.

அந்த யோசனை நல்லபடியாக முடியவில்லை. அமர்சிங் தாமே ராஜா ஆகிவிட்டார். தத்து செல்லாது என்று தீர்ப்பும் வாங்கிவிட்டார். சரபோஜியை வெளியே விடாமல், படிக்க வைக்காமல் அடைத்து வைத்தார்கள். சுவார்ட்ஸ் அதோடு கை கழுவிவிடவில்லை. சென்னைக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். உத்தரவு வாங்கிக்கொண்டு நேரே போய்ப் பிள்ளையின் நிலைமையை மாற்றினார். அவன் படிக்க ஏற்பாடு செய்தார். தஞ்சாவூரில் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று ஆனபோது, 1793-ல் சரபோஜியும் அரண்மனைப் பெண்களும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு போதகர் படிப்பைப் பார்த்துக்கொண்டார். தத்து செல்லும் என்பதற்கான நியாயங்களை அடுக்கி அரசுக்கு எழுதுவதை சுவார்ட்ஸ் நிறுத்தவே இல்லை.

வழக்கு ஜெயித்தது. 1798 ஜூனில் சரபோஜி சிம்மாசனம் ஏறினார். அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை. நாலு மாதம் முன்பே அவர் காலமாகியிருந்தார். கடைசி நோயில் படுத்திருந்தபோது சரபோஜி வந்து பார்த்தார். நியாயமாக நட, ஜனங்களை வருத்தாதே என்பதுதான் ஆசான் கொடுத்த கடைசிப் புத்தி. பெட்டியை மூடுவதற்கு முன் இளவரசர் வந்து கண்ணீர் விட்டதையும், பொன் இழைத் துணி போர்த்தியதையும், கல்லறை வரை கூடவே போனதையும் உடன் இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரபோஜி கடைசி வரை தம் குலத்து வழிபாட்டிலேயே இருந்தார். பின்னாளில் காசி யாத்திரையும் போனார். ஆசானுடைய மதம் வேறு, தம்முடைய மதம் வேறு. அது அவர்கள் இருவருக்கும் நடுவே வேலியாக நிற்கவில்லை.

பாளையங்கோட்டைப் பையன்

நெல்லைச் சீமைக்கும் சுவார்ட்ஸுக்கும் உறவு உண்டு. 1778-லும் 1785-லும் அவர் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறார். இரண்டாவது தடவை வந்தபோது அங்கே ஒரு சிறுவனைப் பார்த்தார். 1774-ல் பிறந்தவன், பன்னிரண்டு வயதை நெருங்கியிருந்தான். தகப்பனாரிடம் கேட்டுத் தம்மோடு தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் வளர்த்தார். அவர்தான் பின்னாளில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளால் புகழ் பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

தென்காசிக்காரர்களுக்கு இதில் இன்னொரு சந்தோஷம். சாஸ்திரியார் எழுதிய பெரிய நூல் பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்றாலே நமக்கு நினைவு வருவது மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். குற்றாலச் சாரலில் வளர்ந்த அந்தப் பாட்டு வகையில் பாளையங்கோட்டைப் பிள்ளை தஞ்சாவூரில் இருந்துகொண்டு வேறொரு நூலைப் பாடினார்.

ராஜா வீட்டுப் பிள்ளை ஒருவர், சாதாரண வீட்டுப் பிள்ளை ஒருவர். இருவருக்கும் ஒரே ஆசான். ஒருவர் நூலகத்துக்கும் மருத்துவத்துக்கும் பேர் பெற்றார். மற்றவர் பாட்டுக்குப் பேர் பெற்றார். எந்த நிலத்தில் எந்தப் பயிர் வரும் என்று பார்த்துப் போடுகிறவர்தான் நல்ல விவசாயி. நல்ல வாத்தியாரும் அப்படித்தான்.

ராஜா வைத்த நினைவு

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். சரபோஜி இரண்டும் செய்தார்.

முதலில் சிற்பம். 1801-ல் லண்டனுக்குக் கடிதம் எழுதி, தம் ஆசானுக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்து அனுப்பக் கேட்டார். ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பி அதைச் செய்தார். படுக்கையில் ஆசான், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி, தலைமாட்டில் கெரிக்கே. ஆசானுக்கு ஆங்கிலத்தில் ஒரு இரங்கல் பாட்டும் உண்டு. அதை எழுதியவர் சரபோஜியே. தஞ்சை சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் 1779-ல் கட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில் இந்தச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாவது, சோறும் படிப்பும். ஒரத்தநாடு பக்கம் கண்ணந்தங்குடியில் ஆசான் நினைவாக 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் படிப்பும் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதே ஒரத்தநாட்டில் அவர் முக்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரத்திலும் சாப்பாட்டோடு படிப்பும் இருந்தது. இன்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஒரத்தநாடுதான் அது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு அவர் நினைவுச் சின்னம் என்று பெயர் வைக்கவில்லை. 1799 ஒப்பந்தப்படி நாட்டு நிர்வாகம் கம்பெனிக்குப் போய்விட்டது. ஆளுவதற்குக் கோட்டைதான் மிச்சம். இன்னொருவராக இருந்தால் ஆடம்பரத்தில் பொழுதைக் கழித்திருப்பார். சரபோஜி சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியமும் மேல்நாட்டு வைத்தியமும் சேர்த்துப் பார்க்க வைத்தார். கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையைப் படம் வரைந்து குறிப்பு எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் அந்த நூலகத்தில் இருக்கின்றன. அச்சுக்கூடம் வைத்தார். அடைபட்டுக் கிடந்த காலத்தில் தமக்குக் கிடைக்காமல் இருந்த படிப்பை மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். ஆசானுக்கு அதைவிடப் பெரிய நினைவு வேறு இல்லை.

உங்கள் ஊருக்கு என்ன செய்யலாம்

சிலை கேட்பவர்கள் ஆசை தப்பில்லை. நாளைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அவர் முகம் தெரிய வேண்டும். ஆனால் சாலையோரத்திலும் பொது வழியிலும் புதிதாகச் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டிருக்கிறது. மற்றப் பொது இடம் என்றாலும் அரசு அனுமதி வேண்டும். அதற்குப் பதில் ஒரு நல்ல படமும் அவர் செய்ததைச் சொல்லும் கல்வெட்டும் போதும். படிப்பகத்திலோ, சம்மதம் கொடுக்கிறவர் சொந்த இடத்திலோ வைக்கலாம். இதற்கு 25,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம்.

மீதிப் பணத்தை அவர் செய்த இரண்டு வேலைக்கே விடுங்கள்.

ஒன்று, படிப்பு. 2 லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் வருஷம் 14,000 ரூபாய். முதலைத் தொடாமல் ஒவ்வொரு ஜூனிலும் நாலைந்து பிள்ளைகளுக்குக் கட்டணமும் நோட்டும் வாங்கிக் கொடுக்கலாம். படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு முதல் இடம் கொடுங்கள். அதுதான் அவர் வழக்கம்.

இரண்டு, விதைப்பு. மிச்சம் 75,000 ரூபாயில் ஒரு விதைக் கடன் நிதி தொடங்குங்கள். பணமாகக் கொடுக்காமல் விதையாகக் கொடுத்தால் அது வேறு செலவுக்குப் போகாது. நெல் என்றால் குறுகிய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ, மத்திய காலத்துக்கு 16 கிலோ கணக்கு. அறுவடையானதும் வாங்கின அளவையும், கூட ஒரு மரக்காலையும் திருப்பித் தர வேண்டும் என்று வைக்கலாம். திரும்பி வரும் நெல் விதைக்கு லாயக்கா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். 13 சதவீத ஈரத்துக்குக் கீழே காய்ந்திருக்க வேண்டும். நூறு மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணுங்கள். எண்பதாவது முளைத்தால்தான் விதை. இல்லாவிட்டால் அரிசிக்குப் போகட்டும். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீரிய ஒட்டுச் சூரியகாந்தியில் விளைந்ததை விதைக்கு எடுக்கக் கூடாது. அடுத்த தலைமுறையில் செடி ஒன்றுபோல வராது. அதற்குப் பணமாகத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

தனியாள் பெயரில் கணக்கு வேண்டாம். 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். மூன்று தெருவிலிருந்தும், மூன்று வழிபாட்டு வீடுகளிலிருந்தும் ஆள் இருக்கட்டும். பெண்கள் இரண்டு பேராவது வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. வரவு செலவை வருஷம் ஒருமுறை ஊர் பார்க்கச் சுவரில் ஒட்டுங்கள். சுவார்ட்ஸ் ஆள் பார்த்து எண்ணிக் கொடுத்த பணம்தான் மாடுகளைக் கோட்டைக்கு வர வைத்தது. கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால் நிதி தானே வளரும்.

இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால், தம் பெயரால் ஊர் இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரா?

மேலும் இரண்டு கேள்விகள்

கேள்வி: பழைய பத்திரங்களில் கலம், கோட்டை என்று வருகிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. 12 மரக்கால் ஒரு கலம். இது தஞ்சைப் பக்கத்துக் கணக்கு. அங்கே இரண்டு கலம் ஒரு மூட்டை என்பார்கள். நெல்லைச் சீமையில் 21 மரக்கால் ஒரு கோட்டை. ஆனால் மரக்காலின் அளவே ஊருக்கு ஊர், சில சமயம் கோயிலுக்குக் கோயில் மாறும். எனவே பத்திரத்தில் இருக்கும் கலத்தையோ கோட்டையையோ கிலோவாக மாற்றும்போது, அந்த ஊரில் எந்த மரக்கால் புழங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிசானத்துக்கு நாற்று விட்டேன். குளத்தில் தண்ணீர் தாமதமாக வந்ததால் நாற்று முற்றிவிட்டது. நடலாமா, அழித்துவிடலாமா?

பதில்: நடலாம். முற்றிய நாற்றைக் கொத்தாக நடக்கூடாது. கொத்தாக நட்டால் புதுத் தூர் வராது. முற்றிய நாற்றில் தாய்ப்பயிரின் கதிர் சீக்கிரமே, மெலிந்து வந்துவிடும். புதுத் தூரில் வரும் கதிர்தான் விளைச்சல் கொடுக்கும். அதனால் மேலாக நடுங்கள். அடியுரத்தில் தழைச்சத்தைப் பரிந்துரையைவிடப் பாதி அளவு கூட்டிக் கொடுங்கள். பிறகு வழக்கமான மேலுரம் போதும். இனிமேல்தான் நாற்றே விட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், நீண்ட கால ரகத்தை விட்டுவிட்டு 110 நாளில் வரும் ஏ.எஸ்.டி. 16 போன்ற குறுகிய கால ரகத்துக்கு மாறுவது நல்லது. அம்பாசமுத்திரத்தில் உருவான ரகம். நம் மண்ணுக்குப் பழகியது.